பழைய டிராவல் டிரெய்லரைப் புதுப்பிக்கிறீங்களா? தரையைப் பெயர்க்கும் முன் ஒரு டெஸ்ட் எடுங்க!

இன்ஸ்டாகிராமில் 'விண்டேஜ் கேம்பர்' என்று தேடினால் ஒரே மாதிரியான ரீல்ஸ் வரிசையாக வரும். அமெரிக்காவின் ஏதோ ஒரு பண்ணையில் பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த 1960-களின் டிராவல் டிரெய்லர். அதை வாங்கிய ஓர் இளம் ஜோடி. அடுத்த கட்டில் கையில் இரும்பு ஸ்கிரேப்பர். அதற்கடுத்த கட்டில் பழைய தரை டைல்கள் 'டக் டக்'கென உடைந்து தெறிக்கின்றன. கடைசியில் வெள்ளை பெயிண்ட், மர நிறத் தரை, ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. மொத்தமே 30 விநாடி.

அந்த 30 விநாடியில் பெரும்பாலும் இல்லாத காட்சி ஒன்று உண்டு. டைலின் ஒரு சின்னத் துண்டை லேபுக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. பார்க்க போரான காட்சிதான். ஆனால், பழைய டிரெய்லரைப் புதுப்பிக்கும் வேலையில் தவறவே விடக் கூடாத கட்டம் அதுதான். காரணம், அந்த டைலுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

தரைக்குள் என்ன இருக்கு?

டிராவல் டிரெய்லர் என்பது காருக்கோ பிக்கப் டிரக்குக்கோ பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இது பெரிய மோகமானது. வெள்ளி நிறத்தில் மின்னும் ஏர்ஸ்ட்ரீம், பின்பக்கம் குட்டி இறக்கை வைத்த ஷாஸ்டா எனப் பல பிராண்டுகள் அந்தக் காலத்தின் அடையாளம். இன்று அவற்றைத் தேடிப்பிடித்து வாங்கிப் புதுப்பிப்பது தனி ஹாபி.

அன்றைய டிரெய்லர்களின் தரை அமைப்பு எளிமையானது. கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் பசை தடவி ஒட்டிய டைல் அல்லது ரோலாக வரும் வினைல் ஷீட். சிக்கல் அந்த மேல் அடுக்குகளில்தான்.

1920-களில் அறிமுகமான அஸ்பால்ட் டைல் தொடங்கி 1980-களின் தொடக்கம் வரை, அமெரிக்கத் தரை டைல்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது சாதாரண விஷயம். தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர். பெயருக்கு ஏற்றபடியே கல்லிலிருந்து கிடைக்கும் நார். தீப்பிடிக்காது, சீக்கிரம் தேயாது, டைலுக்கு உறுதி தரும், விலையும் குறைவு. உற்பத்தியாளருக்கு வேறென்ன வேண்டும்? 'வினைல் ஆஸ்பெஸ்டாஸ் டைல்' என்று பெயரிலேயே சேர்த்து, ஒரு சிறப்பம்சமாகவே விற்றார்கள்.

டைல் மட்டுமல்ல. அதை ஒட்டப் பயன்பட்ட கறுப்பு நிறத் தார்ப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ரோல் வினைலாக இருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் காகிதம் மாதிரியான அடுக்கில் இருக்கலாம். மூன்றிலும் ஆபத்தானது இந்தக் கடைசி ரகம்தான். டைலில் நார்கள் பிளாஸ்டிக்குக்குள் இறுகிக் கிடக்கும். இந்தக் காகித அடுக்கோ கையால் கிழித்தாலே பொடியாகி உதிரும்.

தொந்தரவு செய்யாதவரை அதுவும் தொந்தரவு செய்யாது

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் பதறி ஓட வேண்டியதில்லை. உடையாத, தேயாத டைல் தரையில் கிடப்பதால் மட்டும் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ-வும் சொல்கிறது.

ஆபத்து தொடங்குவது அதை உடைக்கும்போது, அறுக்கும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது. கண்ணுக்கே தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போனவை அங்கேயே தங்கிவிடும். ஆஸ்பெஸ்டோசிஸ் எனும் நுரையீரல் தழும்பு நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா எனும் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இந்த நார்கள் காரணமாகின்றன. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும்.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், உடனே எதுவும் ஆகாது. இருமல் வராது, கண் எரியாது, அலர்ஜி வராது. பாதிப்பு தெரிய 10 முதல் 40 வருஷம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். "நானும் போன வருஷம் இதே மாதிரி பெயர்த்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற சமாதானத்துக்கு அர்த்தமே இல்லாமல் போவது இதனால்தான்.

பார்த்தே கண்டுபிடிச்சிடலாமா?

முடியாது. 9-க்கு 9 அங்குல டைல், கறுப்புப் பசை, 1980-க்கு முந்தைய டிரெய்லர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். 12 அங்குல டைலிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. மேலே புதுத் தரை தெரிந்தாலும் நம்ப முடியாது. முந்தைய உரிமையாளர் பழைய டைலின் மேலேயே புது வினைலை ஒட்டியிருக்கலாம். ஒரே டிரெய்லரில் இரண்டு மூன்று அடுக்கு தரை கிடைப்பதெல்லாம் சகஜம்.

லேப் டெஸ்ட் மட்டுமே வழி. ஒரு மாதிரிக்குச் சில பத்து டாலர்கள் ஆகும். புதுத் தரைக்கும் பெயிண்டுக்கும் குஷனுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது டீ செலவு. சாம்பிள் எடுப்பதில் கவனிக்க வேண்டியவை:

- ஏற்கெனவே உடைந்த மூலை, அலமாரியின் அடிப்பகுதி போன்ற மறைவான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
- ஃபேன், ஏசி, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.
- பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, அந்த இடத்தை நன்றாக நனைக்க வேண்டும்.
- நாணயம் அளவு துண்டு போதும். பி100 ஃபில்டர் கொண்ட மாஸ்க் அணிந்து மெதுவாக எடுத்து, ஜிப்லாக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டு மூட வேண்டும்.
- டைல், பசை, ஷீட்டின் அடிக்காகிதம் என ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி சாம்பிள் வேண்டும்.
- எடுத்த இடத்தை ஈரத்தாளால் துடைத்து, டேப் ஒட்டி மூடிவிட வேண்டும்.

1 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், அமெரிக்க விதிகளின்படி அது ஆஸ்பெஸ்டாஸ் பொருள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வழக்கமான மைக்ரோஸ்கோப் சோதனையில், டைலுக்குள் இருக்கும் மிக மெல்லிய நார்கள் தப்பிவிடலாம். எனவே, தரை டைலுக்கு 'இல்லை' என்று ரிசல்ட் வந்தால், எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் மூலம் ஒரு முறை உறுதி செய்துகொள்வது நல்லது. சோதனைக்குப் பணமோ நேரமோ இல்லையென்றால் ஒரே விதிதான்: இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும்.

வீட்டுக்குச் சொன்ன அறிவுரை டிரெய்லருக்கு ஒத்துவருமா?

இங்குதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. வீட்டுத் தரையில் ஆஸ்பெஸ்டாஸ் டைல் இருந்தால் நிபுணர்கள் சொல்லும் முதல் யோசனை, அதன் மேலேயே புதுத் தரை போட்டு மூடிவிடுங்கள் என்பதுதான். உடைக்க வேண்டாம், தூசி வராது, செலவும் கம்மி. டிரெய்லரிலும் அடியில் இருக்கும் பிளைவுட் நன்றாக இருந்தால் இதுவே சிறந்த வழி. பசையோ ஆணியோ இல்லாமல், ஒன்றோடொன்று கிளிப் ஆகிப் பொருந்தும் மெல்லிய வினைல் பலகையை மேலே விரித்துவிடலாம்.

ஆனால், பழைய டிரெய்லர்களில் பிளைவுட் நன்றாக இருப்பது அதிர்ஷ்டம். ஜன்னல் ஓரம், கதவடி, பின்பக்க மூலை, தண்ணீர்க் குழாய் எனப் பல இடங்களில் 50, 60 வருஷமாகக் கசிவு நடந்திருக்கும். மேலே டைல் பளபளவென இருக்கும். அடியில் மரம் இத்துப்போய் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். ஏர்ஸ்ட்ரீம் மாதிரி டிரெய்லர்களில் இது அழகு சார்ந்த குறை மட்டும் கிடையாது. அவற்றில் அலுமினிய உடல் கீழே பிளைவுட் விளிம்போடும் சட்டத்தோடும் சேர்த்துத்தான் போல்ட் செய்யப்பட்டிருக்கும். விளிம்பு இத்துப்போனால், நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லும்போது உடலும் சட்டமும் ஒன்றையொன்று சரியாகப் பிடித்திருக்காது.

ஆக, 'அப்படியே மூடிடு' என்ற சுலபமான வழி பல டிரெய்லர்களில் அடைபட்டிருக்கிறது. அதற்காக ஸ்கிரேப்பரைத் தூக்கிவிட முடியாது. மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஒன்று, டைல் உறுதி, பிளைவுட்டும் உறுதி. மூடிவிடலாம். எந்த வருஷம், எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று எழுதி டிரெய்லர் ஃபைலில் வைத்துவிட வேண்டும்.

இரண்டு, டைலில் ஆஸ்பெஸ்டாஸ், பிளைவுட் ஒரு மூலையில் மட்டும் மோசம். அந்தப் பகுதி டைல்களை மட்டும் ஈரமாக, முழுசாக எடுத்துவிட்டு, டைல் இல்லாத வெற்று மரத்தில்தான் அறுக்க வேண்டும். டைலோடு சேர்த்து சர்குலர் ஸா ஓட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

மூன்று, ரோல் வினைலின் காகித அடுக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்று ரிசல்ட் வந்தால், அல்லது டைல்கள் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தால், உரிமம் பெற்ற அகற்றும் நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். இதில் 'நானே பார்த்துக்கிறேன்' வேண்டாம். செலவு டிரெய்லரின் விலையைத் தாண்டினால், அந்த டிரெய்லர் நமக்கானது இல்லை என்று அர்த்தம்.

பெயர்த்தே ஆகணும்னா?

சொந்த டிரெய்லரின் டைலை உரிமையாளரே எடுக்க அமெரிக்காவின் பல மாநிலங்களில் அனுமதி உண்டு. சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. எனவே, உள்ளூர் விதியைப் பார்ப்பது முதல் வேலை. அனுமதி இருந்தால், அமெரிக்கத் தரைவிரிப்புத் துறையே வகுத்துள்ள வேலை முறைகளின் சாரம் இதுதான்: காய்ந்த நிலையில் சுரண்டாதே, பெருக்காதே, தேய்க்காதே, துளையிடாதே, பொடியாக்காதே.

டைல் மீது தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூட்டு வழியாகத் தட்டையான உளியை மெதுவாக நுழைத்து, முழு டைலாகத் தூக்க வேண்டும். அடம்பிடிக்கும் டைலுக்கு ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். பசையைக் கரைக்கும் கெமிக்கல்களை டிரெய்லர் போன்ற மூடிய சின்ன இடத்தில் ஊற்றுவது இன்னொரு ஆபத்து. மூச்சு முட்டும், சில ரகங்கள் தீப்பிடிக்கும். எப்படியும் பிளைவுட்டை மாற்றப்போகிறோம் என்றால், பசையோடு போராடவே வேண்டாம். போல்ட்களைக் கழற்றி, பசை ஒட்டியபடியே பலகையை முழுசாக வெளியே எடுத்துச் சுற்றிவிடலாம்.

சாதாரண துணி மாஸ்க், ஏன் கொரோனா காலத்து என்95 கூட இதற்குப் போதாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் ரப்பர் ரெஸ்பிரேட்டரும் பி100 ஃபில்டரும் வேண்டும். தாடி இருந்தால் அது இறுகாது. வீட்டு வேக்குவம் கிளீனரை எடுக்கவே கூடாது. அது நார்களை உறிஞ்சி, பின்பக்கம் வழியாக அறை முழுக்கத் தூவிவிடும். ஹெப்பா ஃபில்டர் உள்ள, இந்த வேலைக்கென்றே வரும் வேக்குவம் தனி.

உடுத்தும் கவரால் ஒரு முறை போட்டுத் தூக்கி எறிவதாக இருக்கட்டும். வீட்டு வாஷிங் மெஷினில் போடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடைகளைத் துவைத்த மனைவிகளுக்கும், அந்த உடையோடு வந்த அப்பாவைக் கட்டிப்பிடித்த பிள்ளைகளுக்கும் மீசோதீலியோமா வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவான உண்மை. அவர்களில் பலர் ஃபேக்டரி வாசலைக்கூட மிதித்ததில்லை.

எடுத்த கழிவை 6 மில், அதாவது சுமார் 0.15 மி.மீ. தடிமன் உள்ள பாலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, லேபிள் ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸை ஏற்கும் குப்பைக் கிடங்கில் மட்டுமே சேர்க்க வேண்டும். முகாம் மைதானத்தின் குப்பைத்தொட்டியில் போட்டால், ஆபத்தை முன்பின் தெரியாத ஒரு தூய்மைப் பணியாளரின் தலையில் கட்டுகிறோம் என்றுதான் பொருள்.

கூடவே ஒரு போனஸ் எச்சரிக்கை. கொட்டகையில் கிடந்த டிரெய்லரில் எலிப் புழுக்கை நிச்சயம் இருக்கும். அமெரிக்காவில் அதன் தூசி மூலம் ஹன்டா வைரஸ் பரவும் அபாயம் உண்டு. அங்கும் இதே விதிதான்: பெருக்காமல், பிளீச் கரைசலால் நனைத்துவிட்டுத் துடைத்து எடுக்க வேண்டும்.

'சும்மா ஓவர் பில்டப்' என்பவர்களுக்கு...

"நாலு டைலைப் பெயர்த்ததுக்கு யாரும் செத்துப்போகல" என்ற வாதம் இந்த ஹாபி வட்டாரத்தில் ரொம்பவே சகஜம். அதில் பாதி உண்மை இருக்கிறது. நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலானோர் சுரங்கத்திலும், கப்பல் கட்டும் தளத்திலும், ஃபேக்டரியிலும் வருஷக்கணக்கில் தூசியில் நின்றவர்கள். ஒரு வாரயிறுதி வேலையின் அபாயம் அதைவிட மிகக் குறைவு.

ஆனால், டிரெய்லரில் கதை அந்த வாரயிறுதியோடு முடிவதில்லை. டிரெய்லரின் உள்ளே இருப்பது ஒரு சின்ன படுக்கையறை அளவு காற்று. காய்ந்த டைலைச் சுரண்டி எழுப்பிய தூசி சுவர் இடுக்கு, ஹீட்டர் பாதை, மெத்தை எல்லாவற்றிலும் படியும். வண்டி ஓடும்போது குலுங்கிக் குலுங்கி மீண்டும் கிளம்பும். அதற்குள்தான் குடும்பமே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப்போகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு 40 வருஷக் காத்திருப்பு என்றால் 45 வயது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படாத பொருளில், தவிர்க்கக்கூடிய அபாயத்தை எதற்கு ஏற்க வேண்டும்? அதுவும் தவிர்க்க ஆகும் செலவு சில பத்து டாலர்களும் சில நாள் காத்திருப்பும்தான் எனும்போது?

சட்டம் கைகொடுக்குமா?

பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 1989-ல் ஆஸ்பெஸ்டாஸின் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு இபிஏ தடை கொண்டுவந்தது. 1991-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது. தப்பிப் பிழைத்த சில தடைகளில் ஒன்று, தரை ஷீட்டுக்கு அடியில் வரும் அந்தக் காகித அடுக்கு மீதானது. இன்னமும் பயன்பாட்டில் இருந்த கிரைசோடைல் வகைக்குத் தடை வர 2024 மார்ச் ஆனது.

இவை எல்லாமே புதிதாகச் செய்வதையும் விற்பதையும் பற்றியவை. ஏற்கெனவே தரையில் ஒட்டியிருப்பதை இவை எடுத்துத் தராது. பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கிளறும்போது உடல்நலத்துக்கு ஏற்றுக்கொள்ள முடியாத ஆபத்து இருக்கிறது என்று 2024 நவம்பரில் வெளியான மதிப்பீட்டில் இபிஏ ஒப்புக்கொண்டது. வீட்டு வேலையைத் தானே செய்பவர்களும் அதில் அடக்கம். ஆனாலும், தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் முதலாளி–தொழிலாளி உறவுக்குத்தான். தன் டிரெய்லரில் தானே வேலை பார்ப்பவரைக் கேள்வி கேட்க யாரும் வரமாட்டார்கள். அதனால்தான், லட்சக்கணக்கானோர் பார்க்கும் புதுப்பிப்பு வீடியோக்களுக்குப் பொறுப்பு கூடுகிறது. டெஸ்ட் எடுத்த காட்சிக்கு ஐந்து விநாடி ஒதுக்கினால் வியூஸ் ஒன்றும் குறைந்துவிடாது.

நம்ம ஊர் ஷீட்டுக்கும் இதே கணக்குதான்

அமெரிக்க டிரெய்லர் கதை நமக்கெதற்கு என்று தோன்றலாம். நம்ம ஊரில் கூரை ஷீட்டுக்குப் பெயரே 'ஆஸ்பெஸ்டாஸ்'தான். இந்தியாவில் கல்நார் சுரங்கங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால், வெளிநாட்டிலிருந்து கிரைசோடைலை இறக்குமதி செய்து சிமெண்ட் ஷீட் தயாரிப்பது இன்றும் சட்டப்படி நடக்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருஷமாவது பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் என்பதற்கு அந்த 40 என்ற எண்ணே சாட்சி.

அமெரிக்காவில் பழைய பொருளாக ஓய்ந்துபோனது, இங்கே இன்னும் புதுசாக மாடி ஏறுகிறது. அதை டிரில் போட்டுத் துளைப்பவருக்கும், கட்டிங் மெஷினில் அறுப்பவருக்கும், புயலுக்கு மறுநாள் உடைந்த துண்டுகளைப் பெருக்கி வாருபவருக்கும் பெரும்பாலும் மூக்கில் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு. டிரெய்லர் தரைக்குச் சொன்ன அதே நான்கு விஷயங்கள் இங்கும் பொருந்தும்: தேவையில்லாமல் உடைக்காதீர்கள், நனைத்துவிட்டு எடுங்கள், முழுசாக இறக்குங்கள், சரியான மாஸ்க் போடுங்கள்.

டிரெய்லருக்கே திரும்பினால், பழசைக் காப்பாற்றும் ஆசை நல்லதுதான். 60 வருஷம் தாக்குப்பிடித்த வண்டிக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருப்பது கஷ்டமில்லை. அந்த ஒரு வாரத்தில் லேப் ரிசல்ட் வந்துவிடும். ஸ்கிரேப்பரை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தேவைப்பட்டால் மட்டும்.